ஒரே வீட்டில் வளர்ந்த இரண்டு குரல்கள்

(திரையில்: கறுப்பு வெள்ளைப் படம். ஒரே மைக், இரண்டு கிட்டார்கள், இரண்டு இளைஞர்கள்.)

1957. அமெரிக்காவின் நாஷ்வில் நகரம். அண்ணன் டான் எவர்லிக்கு 20 வயது, தம்பி பில்லுக்கு 18. பலர் வேண்டாம் என்று ஒதுக்கிய ஒரு பாட்டை இருவரும் பாடிப் பதிவு செய்கிறார்கள். ‘பை பை லவ்’. நாடே அதை முணுமுணுத்தது.

சரி, அப்படி என்ன இருக்கிறது அதில்?

(திரையில்: ஒன்றன் மேல் ஒன்றாக ஓடும் இரண்டு கோடுகள்.)

கீழே ஓடுவது டான், மேலே பில். டான் ‘ச’வில் இருந்தால் பில் ‘க’வில் இருப்பார். டான் ‘ரி’க்குப் போனால் பில் ‘ம’வுக்குப் போவார். பெரும்பாலும் இதே இடைவெளிதான். பில் பாடுவதை மட்டும் தனியாகப் பாடிப் பாருங்கள், அதுவே ஒரு முழு மெட்டு! எனக்கு இந்தப் பாட்டில் பிடித்ததே இதுதான்.

இன்னொன்று. ‘பை’ என்று நீட்டும்போது வாய் ‘ஆ’வில் தொடங்கி ‘இ’யில் முடிகிறது. அந்தத் திருப்பத்தில் இருவரும் சேர்ந்தே திரும்புகிறார்கள். ஒருவர் இம்மியளவு முந்தினாலும் காது கண்டுபிடித்துவிடும். ஒரே வீட்டுப் பேச்சு, ஒரே உச்சரிப்பு. சிறுவயதில் அயோவா மாநிலத்தின் ஷெனாண்டோவா ஊர் வானொலியில் அப்பா அம்மாவோடு சேர்ந்து பாடி வளர்ந்தவர்கள். அமெரிக்கர்கள் இதை ‘பிளட் ஹார்மனி’ என்கிறார்கள். ரத்த உறவில் வரும் இசைவு.

இவர்களுக்கு முன்பே அலபாமா மாநிலத்தில் இப்படிச் சேர்ந்து பாடிய டெல்மோர் சகோதரர்கள் இருந்தார்கள். அப்புறம் லூவின் சகோதரர்கள், ஐராவும் சார்லியும். பாட்டு சார்லிக்கு எட்டாத உயரத்துக்குப் போகும்போது ஐரா மெட்டை வாங்கிக்கொள்வார், சார்லி கீழே இறங்கிவிடுவார். கண் ஜாடைகூடக் கிடையாது. கேட்கிறவருக்கு மாறியதே தெரியாது.

குரல் இப்படிச் சேர்ந்தாலும் மனம் சேரவில்லை. லூவின் சகோதரர்கள் 1963-ல் பிரிந்தார்கள். இரண்டே வருடத்தில் ஐரா கார் விபத்தில் இறந்துபோனார். இனி சேர வழியே இல்லை. 1973-ல் கலிஃபோர்னியா மேடையில் பில் தன் கிட்டாரை உடைத்துவிட்டு இறங்கிப் போனார். பத்து வருடம் எவர்லி சகோதரர்கள் சேர்ந்து மேடையேறவில்லை.

(திரையில்: லண்டன், ராயல் ஆல்பர்ட் ஹால், 1983.)

எவர்லி சகோதரர்கள் மறுபடி சேர்ந்து பாடிய அந்தக் கச்சேரியின் பதிவு இருக்கிறது. ‘பை பை லவ்’ வரும்போது கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். ‘ஆ’விலிருந்து ‘இ’க்கு இருவரும் சேர்ந்தே திரும்புகிறார்கள்.