காட்டு ஜின்செங்குக்கு 750 ரூபாய் கூடுதலா?

வணக்கம், நண்பர்களே. நாகர்கோவிலில் ஒரு மருந்துக்கடையில் ஒரே நிறுவனத்தின் அமெரிக்க ஜின்செங் என்ற மருந்துக் கிழங்கின் மாத்திரைப் புட்டிகள் இரண்டு அருகருகே இருந்தன. தோட்டத்தில் விளைந்தது 1,100 ரூபாய். காட்டில் விளைந்தது 1,850 ரூபாய். இரண்டையும் வாங்கி வந்து தராசில் வைத்தேன். தராசு இல்லாமல் நான் பேசமாட்டேன் என்பது கிராம்புக் காணொளியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மாத்திரைகளின் எண்ணிக்கையும் எடையும் ஒன்றே. கிழங்கின் வீரியத்துக்குக் காரணமாகக் கருதப்படும் வேதிப்பொருளைக் குறிக்கும் ‘மொத்த ஜின்செனோசைடு 10 சதவீதம்’ என்ற வரியும் இரண்டிலும் ஒன்றே. அப்படியானால் அந்த 750 ரூபாய் எதற்கு? காட்டுச் சரக்குக்கு வீரியம் அதிகம் என்றார் கடைக்காரர். அந்தப் பணத்துக்கு மார்த்தாண்டம் தேன் வாங்கியிருந்தால் வீட்டில் எனக்கு ஏச்சு விழுந்திருக்காது.

எனக்கு எரிச்சலூட்டுவது அந்த ‘மொத்த’ என்ற சொல்தான். ஜின்செனோசைடு என்பது ஒரே பொருளன்று. ஆர்பி1, ஆர்ஈ, ஆர்ஜி1 எனப் பல சப்போனின்கள் (சோப்பைப் போல் நுரைக்கும் தாவரப் பொருள்கள்) அடங்கிய குடும்பம் அது. ஆய்வகச் சோதனைகளில் புதிய இரத்தக் குழாய்கள் உருவாவதை ஆர்ஜி1 தூண்டியது, ஆர்பி1 தடுத்தது. எதிரெதிராக வேலை செய்பவற்றைக் கூட்டி ஒரே எண்ணாக அச்சிட்டால் வாங்குபவருக்கு என்ன புரியும்?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் செயற்கை நிழலின் கீழ், பூஞ்சைக்கொல்லி தெளித்து, மூன்று நான்கு ஆண்டுகளில் தோண்டப்படும் தோட்டக் கிழங்கில் பெரும்பாலும் ஆர்ஈ மிகுந்தும் ஆர்ஜி1 குறைந்தும் இருக்கும். அந்நாட்டின் கிழக்கிலுள்ள அப்பலாச்சிய மலைக்காடுகளின் கிழங்குகளோ இரு வகைப்படுகின்றன: சில தோட்டக் கிழங்கைப் போலவே ஆர்ஈ மிகுந்தவை, சில ஆர்ஜி1 மிகுந்து ஆர்ஈ அருகியவை. இதில் பரம்பரைக்குப் பெரும்பங்கு உண்டு என்பதால், தோட்டத்து விதையைக் காட்டில் தூவிவிட்டால் மட்டும் ஆர்ஜி1 கூடிவிடும் என்று நம்ப இடமில்லை.

வயதும் உறுப்பும் கணக்கில் வரும். ஆண்டுகள் ஏற ஏறக் கிழங்கில் இப்பொருள்கள் சேர்கின்றன. தடித்த நடுப்பகுதியைவிட மெல்லிய பக்கவேர்களிலும் தோற்பகுதியிலும் அவை செறிந்திருக்கின்றன. காட்டில் மெதுவாக வளர்ந்து முறுக்கேறிய கிழங்குக்கு மதிப்பு கூடுவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பொடியாக்கி மாத்திரைக்குள் அடைத்தபின் அந்த முறுக்கை யார் பார்ப்பது?

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். கொரிய ஜின்செங் வேறு இனம். அதில் ஆர்எஃப் என்ற ஜின்செனோசைடு உண்டு, அமெரிக்க இனத்தில் கிடையாது. மாறாக, அமெரிக்க இனத்தில் சூடோஜின்செனோசைடு எஃப்11 இருக்கும். கலப்படத்தைப் பிடிக்கும் ஆய்வகங்கள் இவ்விரண்டையும்தான் முதலில் தேடுகின்றன. நம் சித்த மருந்துக்கடைகளில் ‘இந்திய ஜின்செங்’ என்று விற்கப்படும் அமுக்கரா இந்தக் குடும்பமே இல்லை. அதில் ஜின்செனோசைடு எதுவும் இல்லை. கருத்துப் பெட்டியில் இதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள், ஆகையால் அழுத்திச் சொல்கிறேன்.

மேலும், அமெரிக்க ஜின்செங் 1975 முதல், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. முழுக்கிழங்கை வெளிநாட்டுக்கு அனுப்பி விற்க ஏற்றுமதி ஆவணம் வேண்டும். என் 1,850 ரூபாய்ப் புட்டியில் எந்த மாநிலக் காடு, எத்தனை வயதுக் கிழங்கு என்ற விவரமே இல்லை. ஆர்ஜி1, ஆர்ஈ அளவுகளைத் தனித்தனியே காட்டும் பகுப்பாய்வு அறிக்கையைக் கேட்டு நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறேன். அது வரும்வரை மூடியைத் திறக்கப் போவதில்லை.