தழும்பைத் தேய்த்து அழிக்காதீர்கள்

(வாசகர் வட்ட ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கொட்டும் மழையிலும் வந்து விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் நூலகர் அம்மா அவர்களே, பாதுகாப்புப் பணிக்கு வந்து, எங்கள் வற்புறுத்தலால் மேடையேறி அமர்ந்திருக்கும் காவல் ஆய்வாளர் அவர்களே, ஒலிபெருக்கியைக் கட்டணம் வாங்காமல் தந்திருக்கும் சவுண்டு சர்வீஸ் அண்ணன் அவர்களே, தேவாலயப் பாடகர் குழுவிலிருந்து கிட்டார்களைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்திருக்கும் தம்பி தங்கைகளே, பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

நகர்மன்றத் தலைவரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் தொடங்கினால் நன்றாக இருக்காது. எந்தக் கோரிக்கையை எடுத்துக்கொண்டு போனாலும் உட்காரவைத்துக் கேட்பவர். கேட்டுவிட்டு, ‘நேரில் வந்து பார்க்கிறேன்’ என்பார். சொன்னபடி வந்தும் விடுவார். அவர் வந்து பார்க்க வேண்டிய அறை ஒன்று இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். நூலகர் அம்மாவைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? இந்த ஊரில் புத்தகம் படித்த பிள்ளைகளைக் கேளுங்கள், சொல்வார்கள்.

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘கிட்டாரும் நாமும்’. மூன்று செய்திகளைச் சொல்லப்போகிறேன். கிட்டார் எப்படித் தேய்கிறது என்பது ஒன்று. தேய்ந்த கிட்டாருக்கு ஏன் மதிப்பு என்பது இரண்டு. நமக்குப் பிறகு அதை யார் கையில் கொடுப்பது என்பது மூன்று. மூன்றுக்கும் அடிப்படை ஒரே பழமொழிதான்: காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. என் மாணவர்கள் இங்கே சிரிக்கிறார்கள். வகுப்பில் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர்கள் அவர்கள். இன்றும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

புதுக் கிட்டார் வாங்கியவனைக் கவனித்திருக்கிறீர்களா? முதல் ஒரு மாதம் மேசை மேல் வைக்க மாட்டான். தம்பியைத் தொட விடமாட்டான். ஒருநாள் கதவில் இடித்து, முனையில் அரிசி அளவு வார்னிஷ் பெயர்ந்துவிடும். அன்று இரவு அவனுக்குச் சோறு இறங்காது. ஆனால் அதற்குப் பிறகுதான் அவன் அச்சமில்லாமல் வாசிக்கத் தொடங்குகிறான். பத்து வருடம் கழித்து அதே காயத்தைக் காட்டி, ‘இது எங்கள் பழைய வீட்டுக் கதவு’ என்று பெருமையாகச் சொல்கிறான். ஒரே கீறல், முதலில் துக்கம், பிறகு பெருமை. இரண்டும் பொய்யில்லை.

தேய்மானத்தைப் படிக்கத் தெரிந்தால் வாசித்த ஆளையே படித்துவிடலாம். வலது முன்கை படியும் விளிம்பில் வியர்வை பட்டுப் பூச்சு மங்கியிருக்கும். பின்பக்கத்தில் பெல்ட் கொக்கி கீறியிருக்கும். வீணையில் மெட்டு என்கிறோமே, அதுபோல் கிட்டாரின் கழுத்தில் பதித்திருக்கும் பிரெட் கம்பிகளில் முதல் மூன்று மட்டும் குழிந்திருந்தால், அவர் சுரங்களின் மேல்மாடிக்கு அதிகம் ஏறாதவர், உட்கார்ந்து பாட்டுக்குத் துணை வாசித்தவர் என்று துணிந்து சொல்லலாம். பூச்சுக்கும் இதில் பங்கு உண்டு. ஐம்பது, அறுபதுகளில் அமெரிக்கக் கிட்டார்களுக்குப் பெரும்பாலும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் அடித்தார்கள். மெல்லிய பூச்சு. குளிரிலும் வெயிலிலும் மரம் சுருங்கி விரியும்போது அதில் மயிரிழை வெடிப்புகள் ஓடும். கை பட்ட இடத்தில் மெதுவாகக் கரையும். பிற்காலத்தில் வந்த பாலியெஸ்டர், பாலியூரிதேன் பூச்சுகள் தடித்தவை. அவை எளிதில் தேயாது. அடிபட்டால் சில்லாகப் பெயரும். நாற்பது வருடம் வாசித்தாலும் உங்களை நினைவில் வைத்துக்கொள்ளாத பூச்சு அது. எனக்கு அது பிடிக்காது, அவ்வளவுதான்.

இப்போது டிரிக்கர் என்ற கிட்டாரின் கதைக்கு வருகிறேன். தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், கதை நல்ல கதை.

வில்லி நெல்சன் என்றொரு பாடகர். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துக்காரர். கன்ட்ரி இசையில் அவர் பெயர் தெரியாதவர் இல்லை. 1933இல் பிறந்தவர், தொண்ணூறு வயதைத் தாண்டிய பிறகும் மேடையேறியவர். 1969இல் டெக்சாஸில் ஹெலோட்டஸ் என்ற ஊரில் ஒரு நிகழ்ச்சி. அவருடைய பால்ட்வின் கிட்டாரைக் குடிபோதையில் ஒருவன் மிதித்துவிட்டான். அதை நாஷ்வில் நகரத்தில் ஷாட் ஜாக்சன் என்ற கைதேர்ந்த கிட்டார் வல்லுநரிடம் அனுப்பினார். ‘இது தேறாது. என்னிடம் மார்ட்டின் நிறுவனத்தின் என்-20 ஒன்று இருக்கிறது, 750 டாலர்’ என்று பதில் வந்தது. நெல்சன் கிட்டாரைக் கண்ணால் பார்க்காமலே வாங்கிவிட்டார். பழைய கிட்டாரிலிருந்த மின் ஒலிவாங்கியைக் கழற்றி இதில் பொருத்தச் சொன்னார். ராய் ரோஜர்ஸ் என்ற கௌபாய் நடிகரின் குதிரைக்கு டிரிக்கர் என்று பெயர். அந்தக் குதிரையின் பெயரையே கிட்டாருக்கு வைத்தார்.

அடுத்த வருடம் டிசம்பர் மாதம். டென்னசியில் ரிட்ஜ்டாப் என்ற இடத்தில் இருந்த அவருடைய வீடு பற்றி எரிகிறது. மனிதர் வெளியூரிலிருந்து வந்து சேர்கிறார். எல்லோரும் தடுக்கிறார்கள். எரியும் வீட்டுக்குள் ஓடுகிறார். எதற்கு? டிரிக்கருக்காக. கிட்டாரோடு இன்னொரு பொருளையும் எடுத்துக்கொண்டு வந்தார். அது என்ன பொருள் என்பதைக் காவல் ஆய்வாளர் அவர்கள் மேடையில் அமர்ந்திருக்கும் காரணத்தால் நான் சொல்லப்போவதில்லை. (பலத்த சிரிப்பு.) தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு வெளியே போய்ச் சொல்லிக்கொள்ளுங்கள். ஆய்வாளர் அவர்களே சிரித்துவிட்டதால் மேலே போகிறேன்.

அது நைலான் கம்பி கட்டிய கிளாசிக்கல் வகைக் கிட்டார். விரலால் மீட்டுவதற்காகச் செய்தது. பிக், அதாவது கம்பியை மீட்டும் சிறு வில்லை, உரசினால் மரத்தைக் காக்கும் தகடு அதில் கிடையாது. நெல்சனோ பிக்கால் வாசிப்பவர். விளைவு என்ன? ஒலித்துளைக்கும், கம்பிகளைப் பலகையில் பிடித்திருக்கும் பிரிட்ஜுக்கும் இடையில் ஸ்புரூஸ் மரப் பலகை தேய்ந்து தேய்ந்து, கடைசியில் ஒரு பெரிய ஓட்டையே விழுந்துவிட்டது. கடையில் இப்படி ஒரு கிட்டாரைக் கண்டால் நாம் பத்து ரூபாய்க்கும் கேட்க மாட்டோம். பற்றாக்குறைக்கு, பலகை முழுவதும் கையெழுத்து. லியான் ரஸ்ஸல் என்ற இசைக்கலைஞர் தொடங்கிவைத்தார். பிறகு ஜானி கேஷ், கிரிஸ் கிறிஸ்டோபர்சன் என்று நூறு பேருக்கு மேல் ஆகிவிட்டது.

கதை இன்னும் முடியவில்லை. 1990இல் அமெரிக்க வருமான வரித்துறை நெல்சனிடம் ஒரு கோடியே அறுபது லட்சம் டாலருக்கு மேல் கேட்டது. வீடு, நிலம், ஸ்டூடியோ எல்லாவற்றுக்கும் முத்திரை வைக்க ஆட்கள் வருகிறார்கள். அவர் வீட்டைப் பற்றிக் கவலைப்படவில்லை. மகள் லானாவை அழைத்து, ‘டிரிக்கரை எடுத்து வந்துவிடு’ என்றார். அதிகாரிகள் வருவதற்கு முன்பே கிட்டார் ஸ்டூடியோவைவிட்டுக் கிளம்பி ஹவாய் தீவுக்குப் போய்ச் சேர்ந்தது. கடன் தீரும்வரை பத்திரமாக மறைத்து வைத்தார்கள். ஏலத்தில் போயிருந்தால் வாங்குகிறவன் அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருப்பான். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்று சும்மாவா சொன்னார்கள்? வரி கட்டாததை நான் ஆதரிக்கவில்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு பேரும் மறந்துவிடும் ஒரு மனிதர் இந்தக் கதையில் இருக்கிறார். மார்க் எர்ல்வைன். ஆஸ்டின் நகரத்தில் கிட்டார்ப் பட்டறை வைத்திருப்பவர். பல பத்தாண்டுகளாக டிரிக்கரைப் பராமரித்து வருபவர். உள்ளே தளர்ந்த மரச்சட்டங்களைப் பலப்படுத்துவார், மேலே லாக்கர் பூசுவார், பிரெட் கம்பிகளைக் கவனிப்பார். ஓட்டையை மட்டும் அடைக்க மாட்டார். கிட்டார் வாசிக்கும் நிலையில் இருக்க வேண்டும், ஆனால் அதே கிட்டாராகவும் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்துச் செய்யத் தெரிந்த ஒரு கை, அந்தக் கைக்கு ஒரு மேசை. அது இல்லாவிட்டால் டிரிக்கர் என்றைக்கோ விறகாகியிருக்கும். இந்த மேசையைத்தான் நான் ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

அயர்லாந்திலும் இப்படி ஒன்று உண்டு. கார்க் நகரத்துக் கிட்டார் கலைஞர் ரோரி கேலகர், 1963இல், பதினைந்து வயதில், ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற வகை பழைய மின்கிட்டார் ஒன்றை நூறு பவுண்டுக்குத் தவணையில் வாங்கினார். ஒருமுறை திருட்டுப்போய், மழையில் நனைந்து சாக்கடைப் பள்ளத்தில் கிடந்து திரும்பக் கிடைத்தது. பிறகு அவருடைய வியர்வையிலேயே பூச்சு கரைந்து, பெரும்பகுதி வெறும் மரமாகிவிட்டது. அவர் 1995இல் காலமானார். 2024இல் லண்டனில் ஏலம் விட்டபோது அந்தக் கிட்டார் எட்டரை லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. வாங்கியவர்கள் அதை அயர்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிட்டார்கள். நல்ல மனம்.

இதில் ஒரு வேடிக்கை. 1995இல் ஃபெண்டர் நிறுவனம் ‘ரெலிக்’ என்று ஒரு வகையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. புத்தம் புதுக் கிட்டாரையே பூச்சைச் சுரண்டி, உலோகத்தைத் துருவேற்றி, பழசாக்கி விற்பது. விலை கூடுதல்! கேலகரின் கிட்டாரையும் அதே தழும்புகளோடு நகலெடுத்து விற்றார்கள். வாங்குகிறவர்களைக் கேலி செய்ய மாட்டேன். கைக்கு இதமாக இருக்கிறது, கீறல் விழுமே என்ற பயமில்லை என்கிறார்கள், நியாயம்தான். ஆனால் அடுத்தவன் பட்ட காயத்தை விலைக்கு வாங்கி மாட்டிக்கொள்வதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. காக்கைக்குத் தன் குஞ்சுதான் பொன்குஞ்சு, பக்கத்து மரத்துக் குஞ்சு இல்லை.

அமெரிக்க ப்ளூஸ் இசைக் கலைஞர் பி. பி. கிங்கை எடுத்துக்கொண்டால் என் வாதம் கொஞ்சம் ஆட்டம் காணும். ஆர்கன்சா மாநிலத்தில் ட்விஸ்ட் என்ற சிற்றூரில், 1949 குளிர்காலத்தில், ஆட்டக் கூடத்தில் தீப்பிடித்தபோது முப்பது டாலர் கிட்டாருக்காக உள்ளே ஓடியவர் அவர். தீக்குக் காரணமான சண்டை லூசில் என்ற பெண்ணுக்காக நடந்தது என்று தெரிந்ததும் கிட்டாருக்கு அந்தப் பெயரை வைத்தார். ஆனால் அதன் பிறகு வாங்கிய கிட்டார்களுக்கும் அதே லூசில்தான் பெயர். பாசம் அவருக்கு மரத்தில் இல்லை, பெயரில் இருந்தது. அப்படியும் இருக்கலாம். அதை விரித்துப் பேசத் தனிக்கூட்டம் வேண்டும்.

நம் மலைக்கும் இந்தக் கதைக்கும் உறவு இருக்கிறது. டிரிக்கரின் முதுகுப்பலகை பிரேசில் ரோஸ்வுட். அதே 1969இல்தான் மார்ட்டின் நிறுவனம் பிரேசில் மரம் கிடைப்பது அரிதாகி, இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. இந்திய ரோஸ்வுட் என்றால் என்ன? நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஈட்டிதான்! உலக மேடைகளில் ஒலிக்கும் எத்தனையோ கிட்டார்களின் முதுகில் இந்த மலைகளின் மரம் இருக்கிறது. 2017இல் ரோஸ்வுட் இனம் முழுவதற்கும் உலக வணிகக் கட்டுப்பாடு வந்தது. கிட்டாரோடு விமானம் ஏறவே கலைஞர்கள் தயங்கினார்கள். செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்குக் கொடுத்தார்கள். மரம் நம்முடையது. அந்த மரத்தில் செய்த கருவி பழுதானால் கொண்டுபோக நமக்கு இடம் எங்கே?

இங்கேதான் என் வயிற்றெரிச்சல். எனக்குத் தெரிந்த ஒரு தங்கை, இறந்துபோன தன் அப்பாவின் கிட்டாரை வெளியூர்க் கடை ஒன்றில் பழுதுபார்க்கக் கொடுத்தாள். பிரிட்ஜ் தூக்கிக்கொண்டிருந்தது, அதை ஒட்டினால் போதும். கடைக்காரர் இலவசமாக ஓர் உபகாரம் செய்தார். முழுப் பலகையையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பளபளவென்று பாலிஷ் அடித்துக் கொடுத்துவிட்டார். அப்பாவின் முன்கை படிந்து மங்கிய இடம் போயிற்று. பிரிட்ஜையும் எபாக்ஸி வைத்து ஒட்டியிருந்தார். முறையான பசை சூட்டுக்கும் நீராவிக்கும் இளகும், நாளைக்கு இன்னொருவர் பிரித்துச் சரிசெய்யலாம். எபாக்ஸியைப் பிரித்தால் மரமும் சேர்ந்து வரும். அவள் கடையில் ஒன்றும் பேசாமல் காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

நம் ஊரின் பருவமழை சாதாரணமானதா? கிட்டாருக்கு ஏற்ற காற்று ஈரப்பதம் ஏறக்குறைய 45 முதல் 55 சதவீதம் என்று செய்கிறவர்கள் சொல்கிறார்கள். தென்மேற்குப் பருவமழையில் நம் வீட்டுச் சுவரே வியர்க்கிறது. பலகை உப்பிக் கம்பி மேலே எழும்பும், பெட்டிக்குள் பூஞ்சணம் பிடிக்கும். தை, மாசியில் காய்ந்து வெடிக்கும். சமவெளிக்காரர்களைவிட நமக்குத்தான் பட்டறை அவசியம்.

அதனால் தலைவர் அவர்களே, நூலகத்துக்குப் பின்னால் பயன்பாடில்லாமல் இருக்கும் அந்தப் பழைய அறையைக் கொடுங்கள். வாடகை வேண்டுமானாலும் தருகிறோம். ஒரு கனமான மேசை, நான்கைந்து கவ்விகள், பிரெட் அரம், நல்ல பசை, ஈரப்பதம் காட்டும் கருவி, இவ்வளவு போதும் தொடங்குவதற்கு. ஈட்டி மரத்தை இழைத்துப் பழகிய ஆசாரிகள் இந்த ஊரில் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். மரத்தின் நெளிவு சுளிவு அவர்களுக்குத் தெரியும், கிட்டாரின் கணக்கைக் கற்றுக்கொடுக்க ஆளை வரவழைக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை. அறைவாசலில் என் பழமொழியை எழுதி மாட்ட வேண்டும்: காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. உரிமையாளரைக் கேட்காமல் யாரும் உப்புத்தாளை எடுக்கக்கூடாது என்பது அதன் பொருள்.

மூன்றாவது செய்தியைச் சொல்ல நேரம் இல்லை என்று செயலாளர் சீட்டு அனுப்பியிருக்கிறார். சரி. அறை கேட்டு எழுதிய மனு வாசலருகே மேசையில் இருக்கிறது. தேநீர் குடிக்கப் போகும் வழிதான். வீட்டில் கம்பி அறுந்த கிட்டார், விரிசல் விழுந்த வயலின், கட்டை தளர்ந்த ஆர்மோனியம் எது இருந்தாலும் கையெழுத்துக்குப் பக்கத்தில் அதையும் எழுதுங்கள். தலைவர் அவர்களுக்குக் கணக்கோடு கொடுக்க வேண்டும். வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.