மேற்குச் சுவருக்கு நிழல் கொடுங்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பாலக்காட்டிலிருந்தும் சித்தூர், கொழிஞ்சாம்பாறையிலிருந்தும் திரண்டு வந்திருக்கும் தமிழ்ச் சொந்தங்களே, வணக்கம்.

"கோடையில் நகரத்து வீட்டைக் குளிர வைப்பது ஏ.சி.யா, தோட்டத்து நிழலா?" என்பது இன்றைய தலைப்பு. நிழலே என்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர், "மரம் வளர்வதற்குள் பத்துக் கோடை போய்விடும், பட்டனைத் தட்டினால் பத்து நிமிடத்தில் குளிர்" என்றார். சரி. அந்தச் சூடு வீட்டுக்குள் எப்படி வந்தது என்று அவர் சொல்லவே இல்லையே!

விஷு முடிந்த நாலைந்து நாளில் நம் ஊரில் உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்துவிடும். நட்ட கம்பின் நிழல் அதன் காலடியிலேயே அடங்கும். ஆகவே தெற்குச் சுவருக்கு வெயில் அதிகமில்லை. மொட்டை மாடிதான் முதலில் வாங்குகிறது. மதியத்துக்குப் பிறகு மேற்குச் சுவர். பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட், ராத்திரி பதினோரு மணிக்கும் சூட்டை அறைக்குள் விட்டுக்கொண்டே இருக்கும். அதோடுதான் ஏ.சி. விடிய விடிய மல்லுக்கட்டுகிறது. மேற்கே ஒரு புங்கமோ வேம்போ நின்றால் அந்த வெயில் சுவரைத் தொடுவதே இல்லை.

அப்புறம், இலை விடும் நீராவி. ஒரு லிட்டர் நீர் ஆவியாக, ஏறக்குறைய 0.68 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வேண்டும். அதை இலை வெயிலிலிருந்தும் சுற்றுக் காற்றிலிருந்தும் இழுத்துக்கொள்வதால் சுற்றுப்புறம் குளிர்கிறது. வளர்ந்த மரம் ஒரு நாளில் பல பத்து லிட்டர் நீரை இப்படி வெளியே விடும். கடலோரக் கொச்சியில் காற்றே ஈரமாக இருப்பதால் இந்தப் பலன் குறையும். கோடைப் பிற்பகலில் காற்று வறண்டு கிடக்கும் பாலக்காட்டில் கூடுதலாகவே கிடைக்கும்.

பத்துக் கோடை காத்திருக்க வேண்டுமா? பந்தல் போடுங்கள் ஐயா! தை மாதம் பாகலும் பீர்க்கனும் ஊன்றினால் பங்குனியில் கொடி மூடிவிடும். மொட்டை மாடியில் மண்பை, நாலு கம்பு, ஒரு வலை போதும். தளத்துக்கும் கொடிக்கும் நடுவே ஆள் உயரம் இடைவெளி விடுங்கள்; காற்று ஓட வேண்டும். மரம் அதுபாட்டுக்குக் கீழே வளரட்டும்.

இடமில்லை என்றார்கள். இருந்த மண் முற்றத்தை என்ன செய்தோம்? சேறு வேண்டாம், சருகு வேண்டாம் என்று வாசல் முதல் மதில் வரை இன்டர்லாக் கல்லைப் பதித்தோம். சாயங்காலம் அதில் வெறுங்காலோடு நடந்து பாருங்கள். அதே அனல்தான் ஜன்னல் வழியாக உள்ளே வருகிறது. மழை நீரும் மண்ணுக்குள் இறங்காமல் தெருவுக்கு ஓடுகிறது. எனக்கு மனசு ஆறவே மாட்டேன் என்கிறது. நாலு வரிசைக் கல்லைப் பெயர்த்து ஒரு மாதுளையோ சீத்தாவோ வைக்க முடியாதா?

கொசு வரும் என்றார் இரண்டாவதாகப் பேசியவர். கொசு முட்டையிடுவது தேங்கிய தண்ணீரில். தொட்டித் தட்டை வாரம் ஒருமுறை கவிழ்த்தால் போதும். வேர் சுவரைப் பிளக்கும் என்பதில் நியாயம் உண்டு. ஆலும் அரசும் வீட்டோரம் ஆகாது.

நடுவர் அவர்களே, 2024 ஏப்ரல் கடைசியில் பாலக்காட்டுக்கு வெப்ப அலை எச்சரிக்கை வந்தது. அந்தக் கோடையில் கேரளத்தின் ஒரு நாள் மின் பயன்பாடு 11 கோடி யூனிட்டைத் தாண்டியது. சுமை தாங்காமல் பல இடங்களில் ராத்திரி மின்சாரம் நின்றது. அப்போது மூடிய ஏ.சி. அறைக்குள் வயதானவர்களும் கைக்குழந்தைகளும் பட்ட பாட்டுக்கு, எதிரணியில் அடுத்து வருபவர் பதில் சொல்லட்டும். ஏ.சி. தன் அறையிலிருந்து எடுத்த சூட்டையும், தான் செலவழித்த மின்சாரத்தின் சூட்டையும் சேர்த்து வெளியேதான் தள்ளுகிறது. அந்த அனல் அடிக்கும் பக்கத்து வீட்டில், ஏ.சி. வாங்க வசதியில்லாத குடும்பம் ஜன்னலைத் திறப்பதா, மூடுவதா? அதையும் அவரே சொல்லட்டும். நன்றி, வணக்கம்.