ஓடுகிற நெட்வொர்க்கில் டிரில் போடலாமா? வேம்பயர் டேப் செய்வோம்!

[திரையில்: விரல் தடிமனில் மஞ்சள் கேபிள், அதன்மேல் இறங்கும் டிரில் முனை]

ஆபீசில் நெட்வொர்க் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒருவர் வந்து அதன் கேபிளிலேயே ஓட்டை போடுகிறார். யாரும் தடுக்கவில்லை! 1980களில் புதுக் கம்ப்யூட்டரை நெட்வொர்க்கில் சேர்த்ததே இப்படித்தான். கேபிளைக் கடித்துத் தொங்கும் இந்தச் சாதனத்தின் பெயர் வேம்பயர் டேப் (vampire tap). அதை நாமே செய்யலாம்.

வரலாறு ஒரே மூச்சில்: 1973, ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகம், மெட்கால்ஃப், பாக்ஸ் என்ற இரு பொறியாளர்கள், கம்ப்யூட்டர்களைக் கேபிளால் இணைக்கும் ஈதர்நெட். பத்தாண்டு கழித்து இந்தத் தடித்த கேபிளுக்கான ஈதர்நெட் தரம் 10பேஸ்5, நொடிக்கு 10 மெகாபிட். சரி, டிரில்லுக்கு வருவோம்.

[திரையில்: கேபிளின் குறுக்குவெட்டு]

மேலே பிளாஸ்டிக் உறை. அடுத்து உலோகத் தாளும் பின்னலுமாகக் கவசம். உள்ளே வெள்ளை நுரை. நட்டநடுவில் சுமார் 2 மில்லிமீட்டர் செம்புக் கம்பி. டிரில் கவசத்தைத் தாண்டி, செம்பைத் தொடாமல் நுரையில் நிற்க வேண்டும். ஓடு உடையாமல் இளநீர் சீவுகிறவரின் கை வேண்டும். பிறகு டேப்பை மாட்டி முறுக்கினால் நடு ஊசி நுரையைத் துளைத்துச் செம்பைத் தொடும். பக்கத்துப் பற்கள் கவசத்தைக் கடிக்கும். கவசப் பின்னலின் ஒரு பிசிறு ஊசியில் பட்டால் போதும், ஷார்ட்! உங்கள் கம்ப்யூட்டர் மட்டுமல்ல, அந்தக் கேபிளில் இருக்கிற எல்லாமே அவுட். ஆபீசில் அன்று டீ உங்கள் கணக்கு.

கண்ட இடத்தில் குடையவும் கூடாது. 2.5 மீட்டருக்கு ஒரு கோடு இருக்கும், அங்கேதான். ஒவ்வொரு டேப்பிலும் சிக்னல் கொஞ்சம் எதிரொலிக்கும். அவை ஒன்றுசேர்ந்து பெரிதாகாமல் இருக்கத்தான் இந்த இடைவெளி.

கவ்வியை 3டி பிரிண்ட் செய்யலாம். வீட்டுச் சோதனைக்கு ஹாம் ரேடியோக்காரர்களின் 50 ஓம் தடித்த கேபிள் போதும். ஊசியின் நீளத்தை மட்டும் அதற்கேற்ப மாற்றுங்கள். கேபிளில் சிக்னலை அனுப்பி வாங்கும் டிரான்சீவருக்கு டிபி8392 சிப், பல்ஸ் டிரான்ஸ்ஃபார்மர், 12 வோல்ட்டிலிருந்து தனித்த மைனஸ் 9 வோல்ட் தரும் ஒரு கன்வெர்ட்டர்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், மோதலை, அதாவது ஒரே கேபிளில் இருவர் ஒரே நேரத்தில் பேசுவதை, கண்டுபிடிக்கும் விதம். ஒரு டிரான்சீவர் பேசும்போது கேபிளில் சராசரியாக 41 மில்லிஆம்ப் ஓடுகிறது. கேபிளின் இரு முனையிலும் டெர்மினேட்டர் என்ற 50 ஓம் மின்தடை. இரண்டும் பக்க இணைப்பில் சேர்ந்து 25 ஓம். பெருக்கிப் பாருங்கள், சுமார் 1 வோல்ட், மைனஸ் பக்கம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் 2 வோல்ட்! வோல்ட்டைப் பார்த்தே, 'இன்னொருத்தரும் பேசுகிறார்' என்று தெரிந்துவிடும். இருவரும் நிறுத்தி, ஆளுக்கொரு நேரம் காத்திருந்து மறுபடி அனுப்புவார்கள். இதைவிட எளிமையான யோசனை இருந்தால் கமென்டில் சொல்லுங்கள், சண்டைக்கு நான் ரெடி.

இன்றைய சுவிட்சோடு சேர்க்க, டிரான்சீவரை மாட்டும் 15 பின் ஏயூஐ போர்ட் உள்ள பழைய 10 மெகாபிட் ஹப் ஒன்று போதும். ஹப்பில் மாட்டுவதற்கு முன் டிரான்சீவரில் எஸ்கியூஇ டெஸ்டை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு பாக்கெட் முடிந்ததும் வரும் அந்தச் சோதனை சிக்னலை மோதல் என்று ஹப் நினைத்துக்கொள்ளும்.