அவங்களே போனை வெச்சுட்டாங்க!

வணக்கம் மக்களே! வெள்ளைக்கோல் வீடியோவோட ரெண்டாவது பகுதி இன்னைக்கு வரும்னு சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். நேத்து நடந்ததைச் சொல்லாம என்னால வேற எதையும் பேச முடியாது. அவங்க போனை அவங்களே கட் பண்ணிட்டாங்க!

நான் வாராவாரம் ஒருத்தருக்குப் போன் பண்ணிப் பேசுறது உங்களுக்குத் தெரியும். பார்வை குறைய ஆரம்பிச்சவங்களுக்கு, ஏற்கெனவே பார்வை குறைஞ்ச ஒருத்தர் பேச்சுத்துணையா இருக்கிற வேலை. எனக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசாங்கிற விழித்திரை நோய், ஓரப் பார்வையெல்லாம் போய் நடுவுல கொஞ்சம்தான் மிச்சம். இப்ப நான் பேசுறவங்களுக்கு மாக்குலர் டிஜெனரேஷன். எனக்கு நேர் எதிர், நடுதான் போயிருக்கு. எதிர்ல நிக்கிறவங்க முகம் தெரியாது, ஆனா கதவுல இடிக்காம நடந்துடுவாங்க. அதைப் பாத்துட்டு வீட்லயே "நடிக்கிறியா"ன்னு கேட்டிருக்காங்க. அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

சரி, போனுக்கு வரேன். திரையில இருக்கிறதைப் படிச்சுச் சொல்ற டாக்பேக்கைப் போன்ல போட்டதிலிருந்து அவங்களால அழைப்பை முடிக்கவே முடியலை. பட்டனைத் தொட்டா அது பேரை மட்டும் படிச்சுச் சொல்லும். அப்புறம் ஒரு விரலால ரெண்டு தட்டு தட்டினாத்தான் வேலை செய்யும். பேசி முடிச்சப்புறம் அவங்க பட்டனைத் தேடுறதை நான் கேட்டுக்கிட்டே இருப்பேன். கடைசில "நீயே வெச்சுடும்மா"ம்பாங்க. எட்டு வாரம் இதே கதை! பட்டனே தேட வேண்டாம், திரையில எங்க வேணா ரெண்டு விரலால ரெண்டு தட்டு தட்டுங்கன்னு சொல்லிக் குடுத்தேன். ரெண்டு விரலும் ஒண்ணாப் படணும், ஒண்ணு முந்தினாப் போச்சு. முதல்ல மேசைமேல தட்டிப் பழகினோம். தட்டுற சத்தத்தை வெச்சே எந்த விரல் முந்துதுன்னு சொல்லிடுவேன். ஆள்காட்டி விரல்தான், எப்பவும் அதுதான்!

அய்யோ, முதல்ல சொல்ல வேண்டியதை விட்டுட்டேன். இதையெல்லாம் பேசலாமான்னு அவங்ககிட்ட கேட்டுட்டேன். பேரு, ஊரு வேண்டாம், மத்ததைத் தாராளமாச் சொல்லுன்னாங்க. குறிப்பா இப்ப சொல்லப்போறதை.

அஞ்சாவது வாரம் திடீர்னு குரலைத் தாழ்த்தி, "சுவரோரமா யாரோ குழந்தைங்க நிக்கிற மாதிரி தெரியுது, பேச மாட்டேங்குது"ன்னாங்க. யார்கிட்டயும் சொல்லலையாம், பைத்தியம்னு முடிவு கட்டிடுவாங்களோன்னு பயம். நான் "எனக்கும் தெரியும். எனக்கு வலை வலையா கோலம் வரும்"னேன். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அழுதாங்க.

இதுக்குப் பேரு சார்ல்ஸ் போனே சிண்ட்ரோம். கண்ணு அனுப்புற தகவல் குறைஞ்சதும் மூளை தானா படம் போட்டுக்குது. மனநோய் இல்லை. சுவிட்சர்லாந்துக்காரர் போனே தன் தாத்தாவுக்கு இப்படித் தெரிஞ்சதை 1760-லயே எழுதி வெச்சிருக்கார். விளக்கைப் போட்டாலோ, கண்ணை இடது வலதா அசைச்சாலோ சில பேருக்குக் கலைஞ்சிடும். ஆனா நான் டாக்டர் இல்லை, வேற காரணத்தாலயும் இப்படித் தெரியலாம். அதனால கண் டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லுங்கன்னேன். சொன்னாங்க, அவரும் அதேதான்னார்.

டாக்டர் சொன்னது அவங்களுக்குத் தைரியம் குடுத்தது. ஆனா அவர்கிட்ட வாயைத் திறக்க வெச்சது அந்த "எனக்கும்"தான். எங்க பயிற்சியில இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாங்க: அறிவுரையைக் குறை, காதைக் குடு. "பாவம்"ங்கிற வார்த்தை எனக்கு ஆகவே ஆகாது. அவங்களும் அதை வெறுக்கிறாங்க, அதனாலதான் எங்களுக்கு ஒத்துப்போச்சு.

நேத்து பேசி முடிச்சதும் "இரு, நீ வைக்காதே"ன்னாங்க. டக் டக். ஒண்ணும் ஆகலை. மறுபடி டக் டக். லைன் கட்!

நான் கத்தின கத்துல வீட்ல எல்லாரும் ஓடி வந்துட்டாங்க. ரெண்டே நிமிஷத்துல என் போன் அடிச்சது, அவங்கதான். "கேட்டுச்சா?"ன்னாங்க. கேட்டுச்சுன்னேன். "சரி, இன்னொரு தரம் வைக்கிறேன் பாரு"ன்னு சொல்லி வெச்சுட்டாங்க.