துடும்புக்கு அடியில 808: பீட்டு பொதபொதன்னு போறது ஏன்?

[திரை: 96 டெம்போவில் ஒரு கும்மி பீட். துடும்பு, பறை, கிக், 808, சலங்கை, நாதஸ்வர லூப் என ஆறு ட்ராக்]

வணக்கங்க. ஒரே பீட்டை ரெண்டு தடவை ஓட்டறோம், கேளுங்க. அதே துடும்பு மேளம், அதே 808-ங்கற எலக்ட்ரானிக் பேஸ், ஒரு அடிகூட மாத்தலை.

[ஒலி: முதல் மிக்ஸ், 8 பார். சிறு இடைவெளி. இரண்டாவது மிக்ஸ், 8 பார்]

முதல்ல கேட்டதுல அடி எங்க விழுதுன்னே தெரியலை. பொதபொதன்னு ஒரு ஊத்தம், அதுக்குள்ள எங்கயோ துடும்பு. ரெண்டாவதுல ஒவ்வொரு அடியும் தனித்தனியா நெஞ்சுல வந்து நிக்குது. ரெண்டையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்துதான் போட்டிருக்கோம். சத்தம் கூடுனாலே காதுக்கு நல்லா இருக்கற மாதிரி தோணும்ங்க. அதனால மிக்ஸை ஒப்பிடறப்ப இந்தச் சமப்படுத்தலை விட்டுடாதீங்க.

கோவை, ஈரோடு, பொள்ளாச்சிப் பக்கம் போடற பீட்டு எங்கெல்லாம் ஓடுது? நோம்பிக்கு, அதாவது ஊர்த் திருவிழாவுக்குக் கட்டுன குழாய் ஸ்பீக்கர்ல, மினி பஸ்ல, டிக்கியில சப்-ஊஃபர் வெச்ச கார்ல, பாதிக்கு மேல செல்போன்ல. இத்தனை இடத்துலயும் துடும்பு துடும்பாவே கேக்கணும். மிக்ஸிங்கோட வேலை அதுதான்.

[திரை: ஸ்பெக்ட்ரம் அனலைசர். 40 முதல் 150 ஹெர்ட்ஸ் வரை பெரிதாக்கிக் காட்டவும்]

இங்க பாருங்க, பிரச்சினை முக்கால்வாசி இந்த ஒரு சாண் அகலத்துலதான் இருக்கு. கிக்கோட அடிச்சத்தம் 50, 60 ஹெர்ட்ஸ்ல. 808 வாசிக்கற 'ஏ' நோட்டு 55 ஹெர்ட்ஸ். துடும்போட மேடு இந்தப் பதிவுல 98 ஹெர்ட்ஸ்ல நிக்குது. உங்க துடும்புக்கு வேற எண் வரும், தோலையும் அளவையும் பொறுத்தது, அனலைசர்ல பார்த்துக்குங்க. மூணும் ஒரே நேரத்துல அடிக்குது. அலைகள் ஒத்துப்போற இடத்துல வீங்கும், எதிரா வர்ற இடத்துல ஒண்ணை ஒண்ணு தின்னுரும். அதனால ஒரு பார்ல அடி பெருசா விழும், அடுத்த பார்ல காணாமப் போகும். ஃபேடரை, அதாவது சத்த அளவை, ஏத்தி இறக்கி இதைச் சரிபண்ண முடியாதுங்க.

ஈக்யூவை, அதாவது எந்த ஹெர்ட்ஸ்ல எவ்வளவு சத்தம்னு கூட்டிக் குறைக்கற கருவியைத் தொடறதுக்கு முன்னால சுருதியைச் சேருங்க. 98 ஹெர்ட்ஸ்ங்கறது 'ஜி'. 808-ஐ ஒரு ஸ்தாயி கீழ, 49 ஹெர்ட்ஸ் 'ஜி'யில வெச்சா, துடும்பு சரியா அதோட ரெட்டிப்புல வந்து உக்காரும். பாட்டு 'ஏ'யிலதான் இருந்தாகணும்னா துடும்பு சாம்பிளை ரெண்டு செமிடோன் (அரைச்சுரம்) ஏத்துங்க, 110 ஹெர்ட்ஸுக்கு வந்துரும். 808-ஓட 55-க்குப் பொருந்திரும்.

[ஒலி: 808 'ஏ'யில், துடும்பு 98-இல். பிறகு துடும்பு 110-இல்]

ஒரு ஈக்யூவும் போடலை, அதுக்குள்ளயே தெளிவு வந்துருச்சு பாருங்க.

அடுத்து, கீழ யார் இருக்கறதுன்னு முடிவு பண்ணுங்க. கும்மி பீட்டுல துடும்புதான் தலைவன், அதுல எங்களுக்குச் சந்தேகமே இல்லை. துடும்புல 65 ஹெர்ட்ஸுக்குக் கீழ ஹை-பாஸ் ஃபில்டர் போட்டு வெட்டுங்க. அங்க இருக்கறது மைக் ஸ்டாண்டு அதிர்வும், பக்கத்துத் தறிக்குடோன் அதிர்வும்தான். 808-ல துடும்போட மேடு இருக்கற இடத்துல, அதாவது 98 இல்லைன்னா 110-ல, 4 டெசிபல் குறைங்க. கிக்? எடுத்துருங்கங்க. துடும்பு இருக்கற பீட்டுக்குக் கிக் பெரும்பாலும் தேவையே இல்லை. மனசு வரலைன்னா 150-க்குக் கீழ முழுசா வெட்டிட்டு, அந்த 'டிக்' சத்தத்தை மட்டும் வெச்சுக்குங்க.

இப்ப 808 வழிவிடணும். அதுல ஒரு கம்ப்ரஷர், அதாவது சத்தம் மிஞ்சறப்ப அமுக்கற கருவி, போட்டு, அதை இயக்கற சைடுசெயினுக்குத் துடும்பு ட்ராக்கைக் குடுங்க. அமுக்கற ரேஷியோ 4:1, அட்டாக் (அமுக்க எடுத்துக்கற நேரம்) 5 மில்லிசெகண்டு, துடும்பு விழறப்ப 808 நாலஞ்சு டெசிபல் அமுங்கணும். ரிலீஸ், அதாவது அமுக்கினதை விடற நேரம்தான் முக்கியம். 96 டெம்போவுல ஒரு அடி 625 மில்லிசெகண்டு, அதுல கால்பங்கு 156. ரிலீஸை 120-லிருந்து 150-க்குள்ள வெச்சீங்கன்னா அடுத்த கால் அடிக்குள்ள 808 திரும்பி வந்துரும். 400-ன்னு வெச்சா வரவே வராது, பீட்டு மூச்சுத்திணறும். அட்டாக்கை ஒரு மில்லிசெகண்டுக்கும் கீழ இறக்கினா 808-ல 'டக்'குன்னு ஒரு கிளிக் விழும். 55 ஹெர்ட்ஸ் அலை ஒரு சுத்துக்கே 18 மில்லிசெகண்டு எடுக்குது, அதை நடுவுல கத்தரிச்சா அப்படித்தான் ஆகும்.

[திரை: துடும்பின் முன் இரண்டு மைக். அலைவடிவங்கள் ஒன்றின் கீழ் ஒன்றாக]

ரெண்டு மைக்ல பதிவு பண்றவங்க இதைக் கவனிங்க. ஒண்ணு தோலுக்குப் பக்கத்துல, இன்னொண்ணு அதைவிட ஒன்றரை சாண், அதாவது 34 சென்டிமீட்டர் அக்கட்ட. சத்தம் அந்தத் தூரத்தைக் கடக்க ஒரு மில்லிசெகண்டு ஆகும். ரெண்டையும் சேர்த்தா 500 ஹெர்ட்ஸ்லயும், 1500-லயும் பள்ளம் விழும். தகரத்துல அடிச்ச மாதிரி வெறுமையா கேக்கும். பெருசாக்கிப் பார்த்து, தள்ளி இருந்த மைக்கோட ட்ராக்கை முன்னால நகர்த்துங்க. 48 கிலோஹெர்ட்ஸ் பதிவுல 48 சாம்பிள் நகர்த்தினா சரியா ஒரு மில்லிசெகண்டு.

பறைக்கு வேற கதை. பறையோட உயிரே சிம்புக்குச்சி சுளீர்னு விழற அந்த முனைதான்.

[ஒலி: பறை தனியாக. அட்டாக் 1 மில்லிசெகண்டு. பிறகு 25]

கம்ப்ரஷர் அட்டாக்கை ஒண்ணுல வெச்சப்ப குச்சி மழுங்கிருச்சு, அட்டையில தட்டுன மாதிரி. 25-ல குச்சி தப்பிச்சு வெளிய வந்துருது, பின்னால வர்ற முழக்கம் மட்டும் அமுங்குது. மூணு டெசிபல் அமுங்குனாப் போதும். பறையைத் தீயில காய்ச்சித்தான் பதிவு பண்ணுவாங்க. தோல் ஆற ஆறச் சுருதி இறங்கும். முதல் டேக்கையும் பத்தாவது டேக்கையும் வெட்டி ஒட்டினா நடுவுல சுருதி சறுக்கறது அப்பட்டமா தெரியும். எந்தக் கம்ப்ரஷரும் இதைக் காப்பாத்தாது. நடுநடுவுல மறுபடி காய்ச்சிட்டுப் பதிவு பண்ணச் சொல்லுங்க.

இனி செல்போன். சின்ன ஸ்பீக்கர்ல 300 ஹெர்ட்ஸுக்குக் கீழ பேருக்குத்தான் சத்தம் வரும். 49 ஹெர்ட்ஸ் 808 அங்க சுத்தமா மறைஞ்சுரும். 808-ஐ ஒரு நகல் எடுத்து, அதுல சாச்சுரேஷன், அதாவது லேசான உடைசல், போட்டு, 150-க்குக் கீழ வெட்டிருங்க. 196, 245, 294-ன்னு தொடங்கி 300-க்கு மேலயும் மேல்சுரங்கள் பிறக்கும். அதைக் கேட்ட காது, கீழ இல்லாத சுரத்தையும் தானாவே ஊகிச்சுக்கும். இந்த நகலை மெதுவா ஏத்துங்க. செல்போன்ல பேஸ் நடமாட்டம் தெரிய ஆரம்பிச்ச இடத்துல நிறுத்திருங்க.

குழாய் ஸ்பீக்கர் மோனோங்க, இடது வலது ரெண்டும் ஒண்ணா கலந்து வரும். நாதஸ்வரத்தை அகலமாக்கறேன்னு ஒரு பக்கத்தை மட்டும் போலாரிட்டி திருப்பி, அதாவது அலையைத் தலைகீழாக்கி வெச்சிருந்தா, நோம்பியில நாதஸ்வரமே கேக்காது. மாஸ்டர்ல மோனோ பட்டனை அழுத்தி ஒரு தடவை முழுசா கேளுங்க. 120-க்குக் கீழ இருக்கற எதையும் நடுவுலயே வைங்க.

[திரை: பத்துக்குப் பத்து அறையின் தரைப்படம்]

இவ்வளவும் சரியா செஞ்சும் வெளிய போனா பேஸ் இடிக்குதுன்னா, அறையைப் பாருங்க. பத்தடிக்குப் பத்தடி சதுர அறையில நிலையலை, அதாவது சுவத்துக்குச் சுவர் மோதி நிக்கற அலை, 56 ஹெர்ட்ஸ்ல வரும். நீளத்துக்கும் அகலத்துக்கும் ஒரே எண்ணுங்கறதால பாதிப்பு ரெட்டிப்பு. நட்ட நடுவுல உக்காந்தா அந்த 56 காதுக்கே எட்டாது. பேஸ் பத்தலைன்னு நீங்க ஏத்துவீங்க, கார்ல போட்டா கண்ணாடி அதிரும். முன்சுவத்துல இருந்து மூணேமுக்கால் அடியில காது இருக்கற மாதிரி நாற்காலியைப் போடுங்க.

சுவத்துல பவானி ஜமக்காளம் தொங்கவிடறவங்க நிறையப் பேர். பார்க்க அழகு, ஆனா அந்தக் கனம் மேல்சத்தத்தை மட்டும்தான் குடிக்கும். கீழ்ச்சத்தம் அப்படியே சுத்திட்டிருக்கும். அறை மங்கலா கேக்குதுன்னு நீங்க சலங்கையை ஏத்திருவீங்க, வெளிய அது காதைக் குத்தும். அதுக்குப் பதிலா ஆறு அங்குலக் கனத்துல தென்னை நார் மெத்தையை மூலைகள்ல தரையில இருந்து கூரை வரைக்கும் அடுக்குங்க. அப்பவும் 56 முழுசா அடங்காது, குறையும். கீழ்ச்சத்தத்தை ஹெட்போன்ல ஒரு தடவை சரிபார்க்கறது அதனாலதான்.

பாடகருக்கு இடம் விடுங்க. நாதஸ்வர லூப்புல 1-லிருந்து 4 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் ஒரு 3 டெசிபல் குறைச்சு, குரல் இல்லாத இடத்துல மட்டும் பழைய அளவுக்கு ஏத்துங்க.

கடைசியா சத்தம். மிக்ஸ் முடியறப்ப மாஸ்டர் உச்சம் மைனஸ் 6 டெசிபல் கிட்ட இருக்கட்டும். யூடியூபுக்கு மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குத் தெரியற சராசரி சத்த அளவு) கணக்கு, ட்ரூ பீக் (நிஜ உச்சம்) மைனஸ் 1. மைனஸ் 7-க்கு நசுக்கி ஏத்தினா யூடியூப் 7 டெசிபல் குறைச்சு ஓட்டும். நசுங்குன துடும்பு மட்டும் நசுங்குனபடியே இருக்கும்.

[திரை: ஏற்றுமதிப் பலகை. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், வேவ்]

பாடகருக்கோ வேற மிக்ஸிங் ஆளுக்கோ அனுப்பறதுன்னா மாஸ்டர்ல உச்சத்தைத் தடுக்கற லிமிட்டரை அணைச்சிட்டு, எல்லா ட்ராக்கையும் முதல் பார்ல இருந்தே ஒரே நீளத்துல எடுங்க. கோப்புப் பேர்லயே டெம்போவும் சுருதியும் இருக்கட்டும்: 'துடும்பு, 96, ஜி'.