இஸ்தான்புல்லில் இருந்து இடது பக்கத்துக்கு

நேயர்களுக்கு வணக்கம். மோட்டார் சைக்கிளில் போன கதையை எல்லோரும் சொல்கிறார்கள். நான் வந்த கதையைச் சொல்லலாம் என்று இருக்கிறேன். 2025 ஜூலையில் இஸ்தான்புல்லில் இருந்து லண்டன் வீடு வரை, தனியாக. நெடுஞ்சாலையைப் பிடித்து நாலு நாளில் ஓடி முடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குப் பதினொரு நாள் எடுத்தது. லீவு பத்தாம் நாளே முடிந்துவிட்டது என்பது எனக்கும் என் மேலாளருக்கும் இடையிலான விஷயம்.

வண்டி ராயல் என்ஃபீல்ட் இன்டர்செப்டர். சென்னைக்குப் பக்கத்தில் செய்தது. நான் யாழ்ப்பாணம், அது சென்னை, இரண்டு பேருக்கும் பதிவு லண்டனில். பெற்றோல் தாங்கி 13.7 லீற்றர்தான். அதனால் 250 கிலோமீற்றர் ஓடியதும் கண் தானாகப் பெற்றோல் செட் தேடத் தொடங்கிவிடும்.

அப்படி எடிர்னே அருகே ஒன்றில் நின்றேன். பல்கேரிய எல்லைக்கு முன்னால் வரும் கடைசித் துருக்கி நகரம் அது. அங்கே முழுக்க ஜெர்மன் இலக்கத்தகடு கார்கள். கூரையில் படங்கு போட்டுக் கட்டிய மூட்டைகள், பின்சீட்டில் சுருண்டு தூங்கும் பிள்ளைகள். 1961இல் மேற்கு ஜெர்மனி துருக்கியோடு தொழிலாளர் ஒப்பந்தம் போட்டது. அப்போது போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கோடை விடுமுறையில் இப்படித்தான் வருவார்கள். ஒருவர் என் மூட்டைகளைப் பார்த்து எங்கே பயணம் என்று கேட்டார். வீட்டுக்கு என்றேன். தானும் வீட்டுக்குத்தான் என்றார். எதிரெதிர்த் திசையில் கிளம்பினோம்.

பல்கேரியாவைக் குறுக்கே கடந்தால் ரூசே நகரம். அங்கே டானூப் ஆற்றின் மேல் 1954இல் திறந்த பாலம், அக்கரையில் ருமேனியா. 2025 ஜனவரி 1 முதல் அந்த எல்லையில் வழக்கமான கடவுச்சீட்டுச் சோதனை இல்லை. எனக்கு அது தெரியும். தெரிந்தும் வேகத்தைக் குறைத்தேன். யாரும் நிறுத்தவில்லை. போர்க்காலத்தில் ஓமந்தைச் சோதனைச்சாவடியில் பொதி இறக்கி, பொதி ஏற்றிப் பழகியவனுக்கு இதை நம்பக் கஷ்டம். அடுத்த அரை மணி நேரம் யாராவது விசில் ஊதிக்கொண்டு பின்னால் வருகிறார்களா என்று கண்ணாடியைப் பார்த்தபடிதான் ஓடினேன்.

ருமேனியாவில் ட்ரான்ஸ்ஃபகராஷான் மலைப்பாதை. 1968இல் சோவியத் படைகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் புகுந்ததைப் பார்த்து மிரண்ட ருமேனியத் தலைவர் சௌசெஸ்கு, நமக்கும் மலை தாண்ட ஒரு பாதை வேண்டும் என்று 1970 முதல் 1974 வரை ராணுவத்தை வைத்துப் பாறையை வெடித்துப் போட்ட சாலை. உச்சி 2042 மீற்றர். கோடையிலும் இலையுதிர் காலத்திலும் மட்டும்தான் முழுதாகத் திறந்திருக்கும். தெற்குப் பக்கக் காட்டில் கரடிகள் சாலையோரம் உட்கார்ந்து பிச்சை எடுக்கின்றன. நான் கரடிக்குப் பயப்படவில்லை. அதற்கு பிஸ்கட் நீட்ட வளைவில் திடீரென்று காரை நிறுத்துகிறவர்களுக்குத்தான் பயந்தேன்.

ஹங்கேரி பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வெயில், சூரியகாந்தி, நேர்ச்சாலை. நேராகவே ஓடினால் டயரின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து தட்டையாகிவிடும். அதன் கணக்கை மலையில் தீர்க்க வேண்டி வரும்.

எனக்கு அது இத்தாலியில், ஸ்டெல்வியோ கணவாயில் தீர்ந்தது. 2757 மீற்றர். 1820க்கும் 1825க்கும் இடையில் ஆஸ்திரியப் பேரரசு போட்ட பாதை. பிராட் பக்கமிருந்து ஏறினால் 48 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் எண் இருக்கும். கீழே 48, அடுத்தது 47. ஏற ஏற எண் இறங்கும். வலப்பக்கம் ஓட்டும் நாட்டில் வலது வளைவுதான் பொல்லாதது, ஏனென்றால் உள்விளிம்பை ஒட்டித் திரும்ப வேண்டும். முதல் கியர், பின் பிரேக்கில் காலை லேசாக வைத்து, கண்ணை மட்டும் மேலே சாலை போகும் இடத்தில் வைக்க வேண்டும். முப்பதுகளில் ஒரு வளைவில் நான் முன்சில்லைக் குனிந்து பார்த்தேன். அவ்வளவுதான். மாடு படுப்பதுபோல வண்டி மெதுவாக வலப்பக்கம் சாய்ந்து படுத்துவிட்டது. இருநூறு கிலோவை அந்தச் சரிவில் தனியாக நிமிர்த்த முடியாது. மிதிசைக்கிளில் அதே மலையை ஏறிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், என்னைவிடக் குறைவாக மூச்சு வாங்கியபடி இறங்கிக் கை கொடுத்தார். முன் பிரேக் பிடியின் நுனி முறிந்திருந்தது. இரண்டு விரலுக்கு இடம் மிச்சம் இருந்தது, வீடு வரை அது போதும்.

இந்த நாடுகளில் எதிரே வரும் மோட்டார் சைக்கிள்காரருக்கு இடக்கையைத் தாழ்த்தி வணக்கம் சொல்வது வழக்கம். பிரான்சில் இன்னொன்றும் உண்டு. முந்துவதற்கு ஒதுங்கி வழிவிட்ட காருக்கு வலக்காலை நீட்டி நன்றி சொல்வார்கள். வலக்கையை முறுக்குப்பிடியில் இருந்து எடுக்க முடியாதே. ஒருவரை நோக்கிக் காலை நீட்டி நன்றி சொல்ல எனக்கு இரண்டு நாள் கூச்சமாக இருந்தது. அம்மா பார்த்திருந்தால் அங்கேயே குட்டியிருப்பார்.

கலே பக்கத்தில், பிரான்ஸ் மண்ணிலேயே, பிரிட்டிஷ் அதிகாரி கடவுச்சீட்டைப் பார்த்தார். ரயில் பெட்டிக்குள் வண்டியைச் சைட் ஸ்டாண்டில் நிறுத்தி, அதன் பக்கத்தில் நின்றபடி கடலடிச் சுரங்கம் வழியாக 35 நிமிடப் பயணம். ஃபோக்ஸ்டனில் வெளியே வந்ததும் உலகம் இடப்பக்கம் மாறிவிடுகிறது. இங்கே எதிரே வருகிறவர் நம் வலக்கைப் பக்கம் கடப்பார், அந்தக் கைக்கோ வேலை இருக்கிறது. அதனால் இங்கிலாந்தில் தலையை மட்டும்தான் அசைப்பார்கள். எல்லாம் எனக்குத் தெரிந்ததுதான்.

பெற்றோலுக்காக இறங்கிய முதல் சுற்றுவட்டத்தில் வலப்பக்கம் பார்க்க வேண்டியவன் இடப்பக்கம் பார்த்து உள்ளே நுழைந்தேன். வலப்பக்கம் இருந்து வந்த லொறி கிறீச்சிட்டு நின்றது. பதினொரு நாள் பழக்கம், என் இடக்கை தானாகத் தாழ்ந்து வணக்கம் சொன்னது. லொறிக்காரரும் கண்ணாடிக்குப் பின்னால் கையைத் தூக்கினார். அது வணக்கம் இல்லை.